நிலையக் கதவில் ரங்கெல்

எங்கள் பிரெஸ்தோவோவில் செத்தவனுக்கு எங்கும் இடம் உண்டு. வீட்டுக் கதவில், தெருமுனை மரத்தில், விளக்குக் கம்பத்தில், மருந்துக்கடைச் சுவரில். மேலே ஒரு சிலுவை, நடுவில் படம், கீழே பெயரும் நான்கு வரியும் போட்ட அஞ்சலித் தாள். நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஆறாம் மாதத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று. வெயிலிலும் பனியிலும் கிடந்து தானாக உதிர்ந்து விழுகிற வரைக்கும் அதன்மேல் யாரும் கை வைக்க மாட்டார்கள். குடித்துவிட்டுத் தெருவில் புரளுகிறவன்கூட வைக்க மாட்டான். அப்படிப்பட்ட ஊரில், ரயில் நிலையத்துக் கதவில் மட்டும் செத்தவன் முகம் இருக்கக் கூடாது என்று உத்தரவு போட எவனுக்குத் தைரியம் வந்தது?

இஞ்சினியர் தோன்ச்செவுக்கு வந்தது. அந்த ஆள் தினமும் என் கடையில்தான் பானிட்சா வாங்கித் தின்றார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

என் கடை நிலையத்துக்கு நேர் எதிரே. வெஸ்கா கடை என்றால் சின்னக் குழந்தையும் காட்டும். விடிவதற்கு முன்பே அடுப்பை மூட்டிவிடுவேன். மாவுத் தாளை விரித்து, பாலாடைக்கட்டியும் முட்டையும் அடித்து ஊற்றிச் சுருட்டி உள்ளே தள்ளினால், முதல் தட்டு பானிட்சா வெளியே வரும்போது தலைநகர் சோபியாவுக்குப் போகிற கூட்டமும் வந்துவிடும். நர்ஸ், கொத்தனார், கணக்கர், துணிக்கடைப் பெண்கள். ஊரில் பாதிப் பேருக்குத் தூங்கத்தான் இங்கே வீடு, பிழைப்பு அங்கே. ஒரு கையில் பானிட்சா, ஒரு கையில் புளித்த தானியக் கூழான போசா பாட்டில், மாதச் சீட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓடுவார்கள்.

நிலையத்தைப் புதுசாக்குகிறோம் என்று ஒரு கம்பெனி வந்தது, தோன்ச்செவ் அதன் இஞ்சினியர். வந்த உடனே இருந்த நடைபாலத்தை இடித்துத் தள்ளியது. அதற்குப் பதில் சுரங்கப்பாதை வரும் என்றார்கள். வந்தது பள்ளம்தான். அது வரைக்கும் ஜனங்கள் ஒரு பிளாட்பாரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தண்டவாளத்தின் குறுக்கே போட்ட பலகையில் நடந்து போக வேண்டும். பலகைக்கு இந்த முனையில் ஒரு ஆள், அந்த முனையில் ஒரு ஆள். கையில் மஞ்சள் கொடி, வாயில் விசில். இந்த முனை ஆள் மலைப்பக்கம் பார்க்க வேண்டும். அந்த முனை ஆள் சோபியா பக்கத்து வளைவைப் பார்க்க வேண்டும். இந்த முனையில் நின்றவன் ரங்கெல். அந்த முனையில் அவன் தம்பி லூபென். லூபெனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே ரங்கெல்தான்.

ரங்கெல் வாய் சும்மா இருக்காது. "ஓடாதீங்கம்மா, நீங்க போகலன்னா சோபியா ஒண்ணும் இடிஞ்சு விழுந்துடாது!" என்பான். பச்சைத் தொப்பிக் கணக்கர் கெனாதியைப் பார்த்தால் கொடியை மடக்கி சலாம் வைப்பான். "அய்யா, மெதுவா. உங்க முதலாளிக்குக் கூட்டல் தெரியாதுன்னுதானே உங்கள வச்சிருக்கான், காத்திருப்பான்." அவருக்குச் சிரிப்பு வந்தாலும் சிரிக்காமல் போவார்.

எத்தனை தடவை சொன்னான்! பனி மூடுகிற மாதத்தில் ஒலிபெருக்கி இல்லாமல் இங்கே நிற்கக் கூடாது, நிற்காத ரயில் வந்தால் யார் சொல்வார்கள் என்று இஞ்சினியரிடம் என் கடை வாசலிலேயே கேட்டான். கம்பியைப் பிடுங்கிப் போட்டவர்கள் திரும்ப மாட்டவில்லை. "அடுத்த வாரம்" என்றார் இஞ்சினியர், வாயில் என் பானிட்சாவோடு.

போன டிசம்பரில், புனித நிகோலா திருநாளுக்கு மறுநாள், மூடுபனி கடை ஜன்னல் வரைக்கும் வந்து நின்றது. நான் அடுப்புக்குள் குனிந்திருந்தேன். விசில் கேட்டது. எப்போதும்போல ஒரு தரம் இல்லை, விடாமல். அப்புறம் ரயிலின் ஊதல். அப்புறம் ஜனங்கள் போட்ட சத்தம். நான் மாவுக்கையோடு ஓடினேன். பலகையில் இருந்தவர்களை எல்லாம் அவன் நெஞ்சிலும் முதுகிலும் பிடித்துத் தள்ளியிருக்கிறான். கணக்கர் கெனாதி பிளாட்பாரத்தில் மல்லாந்து கிடந்தார், தொப்பி போன இடம் தெரியவில்லை. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. ரங்கெல் மட்டும் இல்லை.

அடுத்த ரயில் வந்தது. எல்லோரும் ஏறிப் போனார்கள். ஏறித்தான் போனார்கள், அதை நான் மறக்க மாட்டேன்.

விசாரணை நடந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: பனி, ஒன்றும் தெரியவில்லை. கெனாதியும் அதையே சொன்னார். கடைசியில் கம்பெனி என்ன எழுதியது தெரியுமா? இரண்டு முனையிலும் ஆள் இருந்தார்கள், விதிப்படி எல்லாம் சரியாக இருந்தது, ரங்கெல் குடித்திருந்ததால் தானாகவே தண்டவாளத்தில் இறங்கிவிட்டான் என்று. அவன் மேல் ராக்கியா வாடை வந்தது என்று கூட வேலை பார்த்தவன் ஒருவன் கையெழுத்துப் போட்டிருந்தான்.

கையெழுத்துப் போட்டவன் லூபென். கூடப் பிறந்த தம்பி.

அவர்கள் இருப்பது ஒரே வீடு. அப்பன் கட்டிய இரண்டு மாடி வீடு. கீழே ரங்கெலும் அவன் மனைவி மில்காவும், மேலே லூபெனும் அவன் மனைவி நிகோலினாவும். ஒரே வாசல், ஒரே திராட்சைப் பந்தல், முட்டைக்கோஸ் ஊறுகாய் போடுகிற பீப்பாய்கூட ஒன்றுதான். அது தெரிய வந்த அன்றைக்கு மில்கா மாடிப்படியின் கீழே நின்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"எதுக்குடா தம்பி கையெழுத்துப் போட்ட?"

"முந்தின நாள் நிகோலா திருநாளு, நிகோலினாவுக்குப் பேர்நாளு அண்ணி. எல்லாரும் குடிச்சோம்ல. பொய் ஒண்ணும் எழுதல."

"குடிச்சது முந்தின நாளு. செத்தது மறுநாளு."

"எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு அண்ணி."

"எனக்கு ஒரு புருஷன் இருந்தான்."

அதற்கப்புறம் அவள் அவனிடம் பேசவில்லை. நாற்பதாம் நாள் கல்லறையில் வேகவைத்த கோதுமையைச் சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். வாங்கினவர்கள் எல்லாம் வழக்கம்போல "கடவுள் மன்னிக்கட்டும்" என்றார்கள். காலம் காலமாகச் சொல்கிறோம், யாரும் யோசித்துச் சொல்வதில்லை. மில்கா என் கையை அழுத்திப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"எதுக்கு மன்னிக்கணும் அக்கா? அந்த ஆளு என்ன தப்பு பண்ணாரு? அவனுங்க எழுதினத இவங்களும் சொல்றாங்க பாரு."

"அடியே, வாய்க்கு வந்த வழக்கம்டி. அவங்களுக்கு என்ன தெரியும்?"

"தெரியணும். எல்லாருக்கும் தெரியணும்."

மறுநாள் காலையில் முதல் ரயிலுக்கு முன்னால் நிலையக் கதவில் தாள் இருந்தது. புதிதாக மாட்டின பெரிய கண்ணாடிக் கதவு. இரண்டில் ஒன்று மாட்டிய நாளிலிருந்தே இறுகிப்போய்த் திறக்காது. அந்தத் திறக்காத கதவில், ஆள் உயரத்தில், ரங்கெல் சிரித்துக்கொண்டிருந்தான். கீழே மில்கா போட்டிருந்த வரி: 'இந்த நிலையத்தில், வேலையில் நின்றபோது, மற்றவர்களைக் காப்பாற்றி இறந்தான்.' கூட்டம் நின்று படித்தது. சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மதியத்துக்குள் தாள் இல்லை.

சுரண்டி எடுத்தவன் யார் என்று நினைக்கிறீர்கள்? கொடி பிடிக்க வேறு ஆள் வைத்துவிட்டு, லூபெனை நிலையத்தைத் துடைக்கிற வேலைக்கு மாற்றியிருந்தார் இஞ்சினியர். கையில் வாளி, தகடு, வெந்நீர். சொந்த அண்ணன் முகத்தை நெற்றியிலிருந்து ஆரம்பித்துச் சுரண்டினான். நான் கடையை விட்டு இறங்கி, இடுப்பில் கை வைத்துப் பக்கத்தில் நின்றேன்.

"என்னடா, மூக்கு வரைக்கும் வந்துட்டியா?"

"போங்க அக்கா."

"நல்லா சுரண்டு. உனக்கும் அதே மூக்குதான். கண்ணாடியில பாத்துக்கிட்டே சுரண்டு."

"மேல இருந்து சொல்றாங்க, செய்யறேன். நான் செய்யலன்னா வேற ஆளு செய்வான்."

"வேற ஆளு செய்யட்டுமேடா! அவன் வேத்தாளு. நீ யாரு?"

அவன் வெந்நீரை ஊற்றினான். அப்புறம் வழக்கம்போலக் கடைக்கு வந்து கையை நீட்டினான்.

"ஒரு பானிட்சா குடுங்க."

"இல்ல."

"தட்டு நிறைய இருக்கே?"

"இருக்கு. உனக்கு இல்ல. மாவு தீந்துடுச்சு, உங்க அண்ணிக்குப் பசை காய்ச்சக் குடுத்துட்டேன்னு வச்சுக்கோ."

சொன்னது ஒன்றும் பொய்யாகப் போகவில்லை. அன்றைக்கு மாலையே மில்கா என் கடைக்குப் பின்கட்டில் வந்து உட்கார்ந்தாள். தையல் பட்டறையில் நாளெல்லாம் தைத்து விரல் நுனியெல்லாம் குத்துப்பட்டுக் கிடந்தது.

"அக்கா, மாவு குடு. டேப் ஒட்டினா நிமிஷத்துல உரிச்சுடறான்."

"மாவு மட்டும் போதாதுடி. நல்லா கொதிக்கும்போது சக்கர போடு. காஞ்சா கல்லு மாதிரி புடிச்சுக்கும். எங்க தட்டுல சக்கரப் பாகு வழிஞ்சா நான் படற பாடு எனக்குத்தான் தெரியும்."

இப்படித்தான் அந்தச் சண்டை தொடங்கியது. அவர்கள் இரண்டு பேரும் வாய் திறந்து பேசவில்லை, ஆனால் ஒரு வருஷம் முழுக்கப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். அவள் சர்க்கரைப் பசை போட்டால் அவன் வெந்நீரோடு வினிகர் கொண்டு வந்தான். அவள் முட்டை வெள்ளையைக் கலந்தால் அவன் தகட்டைத் தீட்டினான். அவள் தாளுக்கு மேலேயும் ஒரு பூச்சுப் பூசினால், அவன் பழைய கம்பளியை நனைத்துப் போர்த்தி ஊற வைத்தான். ஒரே அடுப்புப் புகைபோக்கிதான் அந்த வீட்டுக்கு. கீழே பசை காய்கிற வாடை மேலே அவன் மூக்குக்குப் போகும். நாளை எவ்வளவு நேரம் நின்று சுரண்ட வேண்டும் என்று அவனுக்கு முந்தின நாள் சாயங்காலமே தெரிந்துவிடும்.

இலையுதிர் காலத்தில் ஒரு நாள் இஞ்சினியர் மில்காவை என் கடை வாசலிலேயே நிறுத்திப் பேசினார். மரியாதையான மனிதர். தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசினார்.

"பாருங்கம்மா, எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ரங்கெல் நல்ல ஆளு. நானே உள்ள அறிவிப்புப் பலகையில கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டறேன். வருஷம் முழுக்க இருக்கட்டும். அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துடுங்க."

"எந்த வரி?"

"அதாம்மா. இந்த நிலையத்துல, வேலையில நின்னப்போன்னு..."

"அப்ப அவரு எங்க செத்தாருன்னு போடறது? வீட்டுல ஜொரம் வந்து செத்தாருன்னு போடட்டுமா?"

"கோபப்படாதீங்க. விசாரணையில ஒண்ணு முடிவாகி இருக்கு. அதுக்கு எதிரா ஒரு பொது எடத்துல..."

"அந்த வரி இல்லன்னா அது வெறும் போட்டோ. போட்டோ எங்க வீட்லயே இருக்கு." மில்காவின் குரல் உயரவில்லை. "கேளுங்க. வருஷ நாள் அன்னிக்கு மறுபடி ஒட்டுவேன். முத ரயில்ல இருந்து கடைசி ரயில் வரைக்கும், ஒரு நாள் முழுக்க, அது அங்க இருக்கும். இருந்தாகணும். இல்லன்னா நான் இந்த ஊர்ல இருந்து பிரயோஜனம் இல்ல."

இஞ்சினியர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். போகும்போது பூசணி பானிட்சா ஒன்று கேட்டார். நான் ஆறிப்போனதைக் கொடுத்தேன்.

டிசம்பர் வந்தது. நிகோலா திருநாள் அன்று ஊரெல்லாம் மீன் வாசனை. வால்நட்டும் வெங்காயமும் அடைத்துச் சுட்ட கெண்டை இல்லாத வீடு கிடையாது, ரங்கெல் வீட்டைத் தவிர. நிகோலினாவின் பேர்நாள்; ஆனால் மேலே அடுப்பே மூட்டவில்லை. கீழே மில்கா பெரிய அண்டாவில் கோதுமை வேகவைத்துக்கொண்டிருந்தாள். நான் உதவிக்குப் போயிருந்தேன். வெந்த கோதுமையை வெள்ளைத் துணியில் பரப்பி, ஈரம் போகத் துடைத்து, பிஸ்கட் தூளும் சர்க்கரையும் போட்டுக் கிளறினோம். நிகோலினா படியிறங்கி வந்து வாசற்படியில் நின்றாள். கையில் ஒரு கிண்ணம் நிறைய உரித்த வால்நட்.

"அக்கா, இது கோதுமைல போட."

மில்கா திரும்பிப் பார்க்கவில்லை. "வச்சுட்டுப் போ."

"அவரு ஒழுங்கா சாப்பிட்டு ஒரு வருஷம் ஆச்சு அக்கா. தூக்கத்துல கண்ணாடிய துடைக்கிற மாதிரி கைய ஆட்டிக்கிட்டே இருக்காரு."

"என்ன கண்ணாடி? என் புருஷன் முகத்தைத் துடைக்கிறான். அதச் சொல்லு."

நிகோலினா எதையோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அப்போதே என்னவோ பட்டது, ஆனால் கோபத்தில் இருந்தவளுக்கு யோசிக்க எங்கே நேரம்.

மறுநாள் காலை அதே மூடுபனி. பத்தடி தள்ளி நிற்கிற ஆள் தெரியாது. மில்கா எல்லோருக்கும் முன்னால் வந்து தாளை ஒட்டிவிட்டாள். என் கடையின் மடக்கு மேஜையைக் கதவுக்குப் பக்கத்தில் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, கோதுமைக் கோப்பைகளை அடுக்கினோம். மெழுகுவத்தி ஒன்று. ரயில் தாமதம் என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தார்கள். பனி மூடினால் எங்கள் ரயில் எப்போது நேரத்துக்கு வந்தது? கூட்டம் வந்து வந்து சேர்ந்தது. போக வழியில்லை.

செத்தவன் பேரில் கொடுக்கிற கோதுமையை எங்கள் ஊரில் எவனும் மறுக்க மாட்டான். பகையாளியும் வாங்குவான். முதலில் வந்தவர் கணக்கர் கெனாதி. கோப்பையை வாங்கிக்கொண்டு, வழக்கத்துக்கு, "கடவுள் மன்னிக்..." என்று ஆரம்பித்தார்.

"அவரை இல்ல," என்றாள் மில்கா.

"என்னம்மா?"

"அவர மன்னிக்க ஒண்ணும் இல்ல. வேற யாருக்கு வேணுமோ அவங்களுக்குக் கேளுங்க."

கெனாதி கோப்பையோடு போய்க் கதவோரம் நின்றார், ரங்கெலின் படத்துக்குக் கீழே. அடுத்து நர்ஸ். அடுத்து கொத்தனார்கள். ஒவ்வொருவருக்கும் மில்கா அதையே சொன்னாள். "அவரை இல்ல." பிளாஸ்டிக் கரண்டிகள் கோப்பையில் உரசுகிற சத்தம் மட்டும் பனிக்குள் கேட்டது.

இஞ்சினியர் தோன்ச்செவ் அப்போதுதான் வந்தார். அவர் ஆபீஸ் எதிர்ப் பிளாட்பாரத்தில் ஒரு தகரக் கொட்டகை. கூட்டத்தைப் பார்த்து, கதவைப் பார்த்து, முகம் சுருங்கியது.

"லூபென்! எங்க போனான்? லூபென், தகட்ட எடுத்துட்டு வா."

லூபென் வாளியோடு தூணோரம் நின்றிருந்தான். கொஞ்ச நேரம் முன்பே வந்திருக்க வேண்டும். கதவுத் தாளின் ஒரு மூலை ஏற்கெனவே தூக்கியிருந்தது. நாங்கள் மேஜை எடுக்கப் போனபோது அதை ஆரம்பித்தவன் அவன்தான். கூட்டம் வரவும் நிறுத்தியிருக்கிறான்.

மில்கா ஒரு கோப்பையை எடுத்து இஞ்சினியர் முன்னால் நீட்டினாள். அவர் அக்கம்பக்கம் பார்த்தார். இத்தனை பேர் நிற்கும்போது மறுக்க முடியுமா? வாங்கினார். ஒரு கரண்டி வாயில் போட்டார்.

"கடவுள் மன்னிக்கட்டும்," என்றார்.

"யாரை, அய்யா?"

"என்னம்மா இது? ரங்கெலைத்தான். எல்லாரும் சொல்றதுதானே?"

"அவரு என்ன தப்பு பண்ணாரு? இங்க எல்லாரும் இருக்காங்க. சத்தமா சொல்லுங்க. குடிச்சிருந்தாரா? சொல்லுங்க."

"இது அதுக்கான எடம் இல்லம்மா."

"இதுதான் எடம்! அங்க பாருங்க, அந்தப் பலகை. அதுதான் எடம்!"

"அம்மா, எழுதினது நான் இல்ல. சாட்சி சொன்னது உங்க வீட்டு ஆளு."

எல்லோர் கண்ணும் தூணுக்குத் திரும்பியது. லூபென் வாளியைக் கீழே வைத்தான். மேஜைக்கு வந்தான். அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. சுண்ணாம்பு பூசினதுபோல இருந்தது.

"எனக்கு ஒண்ணு குடு அண்ணி."

மில்காவின் கை மேஜை மேலேயே நின்றது. கேட்டவனுக்கு இல்லை என்று சொல்ல முடியாது, அதுவும் செத்தவன் பேரில். கோப்பையைத் தள்ளினாள், கையில் கொடுக்கவில்லை.

அவன் எடுத்துக்கொண்டான். "கடவுள் என்னை மன்னிக்கட்டும்," என்றான். சத்தமாகத்தான் சொன்னான். "அண்ணனை இல்ல. என்னை. அன்னிக்கு அந்த முனையில நான் நிக்கல."

"லூபென், என்ன பேசறோம்னு தெரிஞ்சு பேசு," என்றார் இஞ்சினியர்.

"தெரிஞ்சுதான் பேசறேன். ஒரு வருஷமா தெரிஞ்சேதான் சுரண்டினேன்." அவன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். "மறுநாள் பெரிய ஆளுங்க பாக்க வராங்க, இந்தக் கண்ணாடியெல்லாம் பளபளன்னு இருக்கணும்னு இவருதான் கூப்பிட்டாரு. அண்ணன் ஒருத்தன் போதும், நீ வான்னாரு. நான் கொடிய செவுத்துல சாத்திட்டு வந்தேன். வளைவப் பாக்க ஆளே இல்ல. அண்ணனுக்கு அது தெரியாது. பனியில நான் அங்க நிக்கறேன்னு நம்பிக்கிட்டுதான் ஜனங்கள விட்டான். விசில் கேட்டப்ப நான் இந்தக் கதவத்தான் தொடச்சுக்கிட்டு இருந்தேன். இதே கதவு."

என் நாக்கு சும்மா இருக்கவில்லை. "ராக்கியா வாடைன்னு எழுதினியேடா?"

"வந்துச்சு அக்கா. என் மேல வந்துச்சு. அண்ணன் ஒரே கிளாஸோட போதும்னு எழுந்துட்டான், காலையில கொடி பிடிக்கணும்டான்னு. நான்தான் குடிச்சேன்."

கணக்கர் கெனாதி தொப்பியைக் கழற்றினார். "என்னை முழங்கையால இடிச்சுத் தள்ளினான்," என்றார். "ரெண்டு கையும் வேற ஆளுங்க மேல இருந்துச்சு. நிதானமாத்தான் இருந்தான். நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் ஒண்ணும் தெரியலன்னு சொன்னேன். இப்ப எழுதித் தரேன், எங்க வேணாலும்."

"இப்ப சொல்லுங்க!" என்று நான் கத்தினேன். "ஒரு வருஷம் கழிச்சு! எல்லாருக்கும் இப்பத்தான் வாய் வந்துச்சா?" எனக்கு அழுகை வந்துவிட்டது. அது துக்கம் இல்லை, ஆத்திரம்.

மில்கா அழவில்லை. லூபெனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறையப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அவனும் நினைத்திருப்பான், கன்னத்தை நகர்த்தாமல் நின்றான்.

"சாப்பிடு," என்றாள்.

அவன் சாப்பிட்டான். கரண்டியிலிருந்து கோதுமை சிதறியது.

"கீழ சிந்தாத. கடவுள் மன்னிச்சா மன்னிக்கட்டும், அது அவர் இஷ்டம். நான் மன்னிக்கல. சாகற வரைக்கும் மன்னிக்க மாட்டேன். வீட்ல வந்து அத எதிர்பாக்காத." மேஜைக்கடியிலிருந்து பசைக் கிண்ணத்தையும் தூரிகையையும் எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "மூலை தூக்கி இருக்கு பாரு. நீ கெடுத்தது. ஒட்டு."

லூபென் பசையைத் தடவி, தூக்கியிருந்த மூலையைப் படிய வைத்து, சுரண்டுகிற அதே தகட்டைப் படுக்கைவாட்டில் பிடித்து, காற்றுக் குமிழ் இல்லாமல் அழுத்தி இழுத்தான். கெனாதி நகர்ந்து இடம் கொடுத்தார். அந்த வேலையை அவன் நன்றாகச் செய்தான் என்று சொல்லத்தான் வேண்டும்.

இஞ்சினியர் கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு ஆபீஸ்ல வேலை இருக்கு. நீங்க எல்லாம் உணர்ச்சிவசப்பட்டு இருக்கீங்க. லூபென், அப்புறமா வந்து என்னைப் பாரு."

"போலாம் அய்யா," என்றான் லூபென், கதவிலிருந்து கண்ணை எடுக்காமல். "பலகையத் தாண்டித்தானே போகணும்? பனி நல்லா இருக்கு. வாங்க, நான் வந்து கொடி பிடிக்கிறேன்."

அவர் காலடி எடுத்து வைத்தார். கூட்டம் விலகவில்லை. கோப்பையை எங்கே வைப்பது என்று தேடி, மேஜை ஓரத்தில் வைக்கப் போனார். மில்கா அந்த இடத்தில் கையை வைத்தாள்.

"முழுசா சாப்பிடுங்க அய்யா. செத்தவன் கோதுமைல மிச்சம் வைக்கக் கூடாது."

அவர் மென்றார். ரயில் வருவதாக அறிவித்தார்கள். ஒலிபெருக்கி இப்போது நன்றாக வேலை செய்கிறது. யாரும் பிளாட்பாரத்துக்கு ஓடவில்லை. அவர் கடைசிக் கரண்டியை விழுங்குகிற வரைக்கும் நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.